படத்தில் ஓடிக்கொண்டிருந்த வேன்: ஒரு லைவ் லொக்கேஷன் பிழையின் நிகழ்வு ஆய்வு

ஜூன் மாதம், பள்ளி திறந்து இரண்டாவது வாரம். தென்காசிப் பக்கம் சாரல் பிடித்திருந்தது. பள்ளி வேன் எங்கே வருகிறது என்று பெற்றோருக்கு மேப்பில் காட்டும் ஆப் எங்களுடையது. சாயங்காலம் ஐந்தே கால் இருக்கும், பள்ளி அலுவலகத்திலிருந்து போன். "தம்பி, உங்க ஆப்பைப் பார்த்துக்கிட்டு ஒரு ஆச்சி வீட்டுலயே உக்காந்துட்டாங்க. வேன் வந்து பிள்ளைய இறக்கிவிட்டுட்டுப் போயிருச்சு. பிள்ளை தனியா நின்னுருக்கு."

இரண்டாம் வகுப்புப் பிள்ளை. நிறுத்தத்தை ஒட்டி ஒரு டீக்கடை உண்டு. கடைக்காரர் மழையில் நிற்காதே என்று கூப்பிட்டு பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார். ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகியிருக்கும், ஆச்சி வந்துவிட்டார். ஆபத்து எதுவும் இல்லை. ஆள் வந்து கூட்டிப்போனால்தான் பிள்ளையை இறக்க வேண்டும் என்பது பள்ளியின் விதி. அன்றைக்கு வழக்கமாக வரும் ஆயா லீவு; மாற்றாக வந்தவர் கடை வாசலில் நின்ற யாரோ ஒரு பெண்ணைப் பிள்ளையின் வீட்டு ஆள் என்று நினைத்துவிட்டார். அதைப் பள்ளி பார்த்துக்கொண்டது. நான் எழுதுவது எங்கள் பக்கத்துத் தவறை.

போனை வைத்ததும் என் வாயில் வந்த முதல் பதில் "ஜிபிஎஸ் கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும் சார்" என்பதுதான். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரிடமும் இந்தப் பதில் கைவசம் இருக்கும். அது பொய் என்று தெரிந்துகொள்ள எனக்கு நாலு நாள் ஆனது.

மறுநாள் ஆச்சி வீட்டுக்குப் போனேன். மகள் வேலைக்குப் போவதால் தன்னுடைய பழைய போனில் ஆப்பைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஆச்சிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். படம் பார்க்க இன்னும் நன்றாகவே வரும்.

"வேன் வர்ற நேரம் தெரியும்லா ஆச்சி?"

"நேரம் தெரியும்யா. ஆனா படத்துல வண்டி அப்பதான் தோப்பு வளைவுகிட்ட வந்துக்கிட்டு இருந்துச்சு. ஒரே இடத்துல நின்னுருந்தா நான் நம்பிருக்க மாட்டேன். ஓடிக்கிட்டுல்லா இருந்துச்சு."

அந்தக் கடைசி வரியை நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். ஆராய்ச்சிக்குத் தேவையான துப்பு முழுவதும் அதில்தான் இருந்தது. எனக்குத்தான் அப்போது உறைக்கவில்லை.

எப்படிக் கட்டியிருந்தோம்

நாங்கள் திருநெல்வேலியில் மூன்று பேர். பெரிய நிறுவனமெல்லாம் இல்லை. பள்ளிக்காக ஓடும் வேன்களில் பாதி ஒப்பந்த வண்டிகள். தனிக் கருவி வாங்கிப் பொருத்த பள்ளிக்கும் மனமில்லை, வண்டிக்காரர்களுக்கும் மனமில்லை. ஆகவே டிரைவரின் போனையே கருவியாக்கினோம். போனில் ஒரு ஆப், நடுவில் ஒரு சர்வர், பெற்றோர் போனில் இன்னொரு ஆப். டிரைவர் 'புறப்பட்டேன்' என்ற பொத்தானை அழுத்தினால், 5 விநாடிக்கு ஒரு தடவை இடத்தை எடுத்து சர்வருக்கு அனுப்பும். சர்வர் அதைப் பெற்றோருக்குத் தள்ளும். பெற்றோர் மேப்பில் மஞ்சள் வேன் நகரும்.

வெளியிலிருந்து பார்க்க இவ்வளவுதான். உள்ளே நுழைந்தால் சின்னச் சின்னப் பள்ளங்கள். முதல் வாரமே ஒரு வேன் ஆர்க்டிக் பக்கம் போய்விட்டது. தென்காசி ஏறக்குறைய 8.96 வடக்கு அட்சரேகை, 77.31 கிழக்குத் தீர்க்கரேகை. நாம் பேசும்போதும் எழுதும்போதும் அட்சரேகையைத்தான் முதலில் சொல்வோம். ஜியோஜேசன் என்ற தரவு வடிவத்தில் தீர்க்கரேகைதான் முதலில் வர வேண்டும். மாற்றிப் போட்டால் 77.31 வடக்கு, 8.96 கிழக்கு. நார்வேக்கு வடக்கே, ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே நடுக்கடல். பள்ளி வேன் அங்கே மிதந்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்.

அடுத்தது, நிறுத்தத்தில் நிற்கும் வேன் தட்டாமாலை சுற்றியது. வண்டி நகரும்போதுதான் அது எந்தத் திசையைப் பார்க்கிறது என்று ஜிபிஎஸ்ஸால் சொல்ல முடியும். நின்றுவிட்டால் திசை என்று வரும் எண்ணுக்கு அர்த்தம் இல்லை. வேகம் மிகக் குறைவாக இருந்தால் பழைய திசையையே பிடித்துக்கொள் என்று ஒரு வரி எழுதியதும் சரியாகிவிட்டது.

இன்னொன்றும் செய்திருந்தோம், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. 5 விநாடிக்கு ஒரு புள்ளி வந்தால் வேன் ஐந்தைந்து விநாடிக்குக் குதித்துக் குதித்துப் போகும், பார்க்க நன்றாக இருக்காது. ஆகவே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போகும்படி செய்தோம். வேன் நிஜமாகவே சாலையில் ஓடுவது போல இருக்கும். பெற்றோர் கூட்டத்தில் அதைக் காட்டியபோது ஒருவர் கை தட்டினார்.

வேனுக்குக் கீழே ஒரு சின்ன வரியும் உண்டு: '3 விநாடிக்கு முன்' என்று. புள்ளி எவ்வளவு புதுசு என்பதைச் சொல்லத்தான். இதையும் மறந்துவிடாதீர்கள்.

தவறான சந்தேகங்கள்

முதல் சந்தேகம் ஜிபிஎஸ் மேல். சாட்டிலைட்டுகள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. குறைந்தது நான்கின் சிக்னல் கிடைத்தால்தான் போன் தன் இடத்தையும் நேரத்தையும் கணக்குப் போட முடியும். திறந்த வானத்தின் கீழ் சாதாரண போனில் 5 மீட்டர் அளவில் பிழை வரும். மலை ஒருபக்கம் மறைத்து, மேலே தென்னந்தோப்பும் கவிந்திருந்தால் கூடும். முப்பது, ஐம்பது மீட்டர் தள்ளி, வேன் வயலுக்குள் நிற்பது போலவும் காட்டும். ஆண்ட்ராய்டு ஒவ்வொரு புள்ளியோடும் ஒரு ஆரத்தைத் தருகிறது. நாம் அந்த வட்டத்துக்குள் இருக்க 68 சதவீதம் வாய்ப்பு என்று அதற்குப் பொருள். பலரும் அதை உத்தரவாதம் என்று நினைக்கிறார்கள். மூன்றில் ஒரு தடவை வட்டத்துக்கு வெளியேதான் இருப்போம்.

அன்றைய புள்ளிகளைப் பார்த்தேன். ஆரம் 6, 9, 7 மீட்டர். அருமையான புள்ளிகள். அதோடு, ஆச்சி சொன்ன தோப்பு வளைவுக்கும் அவர் வீட்டு நிறுத்தத்துக்கும் நடுவே நாலு கிலோமீட்டர் இருக்கும். ஜிபிஎஸ் வண்டியை வயலுக்குள் தள்ளும், நாலு கிலோமீட்டர் பின்னால், அதுவும் சரியாக அதே தார்ச்சாலையில் கொண்டுபோய் வைக்காது.

அடுத்த சந்தேகம் பேட்டரி. இது எங்களுக்குப் பழைய எதிரி. ஆண்ட்ராய்டு 8 வந்த 2017-லிருந்தே, திரையில் இல்லாத ஆப்புக்கு இடம் ஒரு மணி நேரத்தில் சில தடவைதான் கிடைக்கும். தொடர்ந்து வேண்டுமென்றால் ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ், அதாவது பயனருக்குத் தெரியும்படி ஓடும் வேலை என்று அறிவித்து, நோட்டிபிகேஷனை மேலே தொங்கவிட வேண்டும். 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10, பின்னணியில் இடம் எடுக்கத் தனி அனுமதி வேண்டும் என்றது. 2021-இல் வந்த 12, துல்லியமான இடமா, தோராயமான இடமா என்று பயனரையே கேட்கிறது. டிரைவர் கை தவறி 'தோராயம்' என்று அழுத்தினால் வேன் ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி எங்கேயோ நிற்கும். இதையெல்லாம் தாண்டி வந்தாலும், போன் கம்பெனிகள் பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று தங்கள் பங்குக்கு ஆப்பைக் கொன்றுபோடும். ஒவ்வொரு டிரைவர் போனையும் கையில் வாங்கி, செட்டிங்குக்குள் நாலு கதவு திறந்து, எங்கள் ஆப்பை மட்டும் விட்டுவிடு என்று சொல்லிவைத்துவிட்டு வருவோம்.

ஆனால் பேட்டரிக் கோளாறுக்கு ஒரு அடையாளம் உண்டு. புள்ளி நின்றுவிடும், அப்படியே உறைந்து போகும். இங்கேதான் ஆச்சி சொன்னது உறைத்தது. நின்றிருந்தால் நம்பியிருக்க மாட்டேன், ஓடிக்கொண்டிருந்தது. ஆப் சாகவில்லை. புள்ளிகள் வந்திருக்கின்றன.

சர்வரில் பார்த்தால் வந்துதான் இருக்கின்றன. 4:31-லிருந்து 4:38 வரை ஒரு இடைவெளி, அப்புறம் 4 விநாடிக்கு ஒன்றாகச் சீராக வந்திருக்கின்றன. சர்வர் கணக்குப்படி வேன் 4:45-க்குத்தான் ஆச்சி நிறுத்தத்துக்கு வந்தது. டிரைவரோ 4:40-க்கே பிள்ளையை இறக்கிவிட்டதாகச் சொல்கிறார். டீக்கடைக்காரரும் அப்படியே சொல்கிறார்.

டிரைவர் போனில் இருந்தது

மூன்றாம் நாள் டிரைவரிடம் போனைக் கேட்டேன். "எடுத்துக்கோங்க தம்பி, பொய் சொல்லி எனக்கு என்ன வரப்போகுது" என்று கொடுத்தார். குரலில் வருத்தம் இருந்தது. பள்ளியில் இரண்டு நாளாக அவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறார்கள், எங்கள் சர்வர் காட்டிய நேரத்தை வைத்து.

டவர் சிக்னல் இல்லாதபோது புள்ளிகள் வீணாகக் கூடாது என்று போனுக்குள்ளேயே சேமித்து வைப்போம். அந்தச் சேமிப்பில் ஒவ்வொரு புள்ளியும் எடுத்த நேரத்தோடு இருக்கும். அதையும் சர்வர் லாகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இடது பக்கம் போன் புள்ளியை எடுத்த நேரம், வலது பக்கம் அது சர்வருக்கு வந்த நேரம்.

4:31:10 — 4:31:11
4:31:15 — 4:31:16
4:31:20 — 4:38:44
4:31:25 — 4:38:48
4:31:30 — 4:38:52

கீழே போகப் போக இப்படியே. ஆச்சி நிறுத்தத்தில் வேன் நின்ற வரி:

4:40:00 — 4:45:40

இதைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

நடந்தது இதுதான். தோப்பு வளைவு தாண்டியதும் மலையடிவாரத்தில் ஏழு நிமிடத்துக்கு மேல் சிக்னல் கிடையாது. அந்த நேரத்தில் போன் 88 புள்ளிகளைச் சேர்த்து வைத்துக்கொண்டது. அந்தப் பக்கம் போய்ச் சிக்னல் கிடைத்ததும் வரிசையாக அனுப்பத் தொடங்கியது, பழையது முதலில். ஒன்று போய்ச் சேர்ந்து 'கிடைத்தது' என்று பதில் வந்த பிறகே அடுத்தது. அங்கே இருப்பது ஒரே டவர், கிடைப்பதும் எட்ஜ் என்ற பழைய, மெதுவான 2ஜி இணைப்பு. ஒரு தடவை போய்வர ஒரு விநாடி பிடிக்கும். எங்கள் ஆப் ஒவ்வொரு புள்ளிக்கும் புதுசாக ஒரு இணைப்பைத் திறந்தது. இணைப்புக்கு ஒரு போய்வருதல், பாதுகாப்புப் பூட்டுக்கு இரண்டு, புள்ளிக்கு ஒன்று. ஆக நாலு விநாடி.

இந்த நாலு விநாடிதான் வில்லன். புள்ளி எடுத்தது 5 விநாடிக்கு ஒன்று, போய்ச் சேர்ந்தது 4 விநாடிக்கு ஒன்று. அதாவது ஏழு நிமிடத்துக்கு முன் நடந்த பயணம், ஒன்றேகால் மடங்கு வேகத்தில், பெற்றோர் மேப்பில் மறுஒளிபரப்பாகிக்கொண்டிருந்தது. நிஜத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போன வேன், படத்தில் 50-இல் போனது. யாருக்குச் சந்தேகம் வரும்? வழுக்கிப் போகும் அனிமேஷன் வேறு சேர்ந்துகொண்டது. வேன் 4:40-க்கு நிறுத்தத்தில் நின்றபோது ஆச்சியின் திரையில் இருந்தது 4:32:55-க்கு எடுத்த புள்ளி.

அப்புறம் அந்த '3 விநாடிக்கு முன்'. புள்ளியோடு எடுத்த நேரத்தையும் போன் அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. சர்வர் அதை வாங்கி ஓரமாகப் போட்டுவிட்டு, தான் வாங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டது. அந்த வரியை எழுதியது நான். ஒரு வருடத்துக்கு முன், அவசரத்தில், அப்போதைக்கு இரண்டும் ஒன்றுதானே என்று. ஆகவே ஏழு நிமிடம் பழைய புள்ளிக்குக் கீழே '3 விநாடிக்கு முன்' என்று நாங்களே எழுதிக் காட்டியிருக்கிறோம். இவ்வளவு சொன்ன பிறகும் ஆச்சி நம்பாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது ஆச்சியோடு நிற்கவில்லை. ஒவ்வொரு விநாடிக்கும் கால் விநாடி வீதம்தான் தாமதம் குறையும். ஏழு நிமிடம் இருபது விநாடித் தாமதம் முழுக்கத் தீர அரை மணி நேரம் வேண்டும். வேன் ஐந்து மணிக்குக் கடைசி நிறுத்தத்தை அடையும்போதும் படம் இரண்டு நிமிடம் பின்தங்கியே இருக்கும். தினமும். தோப்பைத் தாண்டிய எல்லா நிறுத்தத்துக்கும். "ஆப்ல காட்டுறதுக்கு முன்னாடியே வேன் வந்திருது" என்று அந்தப் பக்கத்துப் பெற்றோர் இரண்டு மூன்று பேர் முன்பே சொல்லியிருந்தார்கள். அவர்களுக்கு நாங்கள் அனுப்பிய பதிலைத் தேடி எடுத்தேன்: 'உங்கள் பகுதியில் சிக்னல் குறைவு.' தப்பு உங்கள் ஊர் மேல் என்கிற தொனியில்.

எங்கள் அறையில் ஏன் தெரியவில்லை

இதைச் சோதிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. சோதித்தோம். போனை ஏர்பிளேன் மோடில் போட்டு, பைக்கில் பாளையங்கோட்டையை ஒரு சுற்றுச் சுற்றி, ஆபீசுக்கு வந்து வைஃபையை ஆன் செய்தோம். சேர்ந்திருந்த புள்ளிகள் எல்லாம் நாலைந்து விநாடியில் போய்ச் சேர்ந்துவிட்டன. மேப்பில் வண்டி ராக்கெட் மாதிரி பறந்து வந்து நின்றது. "பறக்குது பாரு" என்று சிரித்தோம். வேலை செய்கிறது, முடிந்தது.

ஃபைபர் இணைப்பில் ஒரு புள்ளி போய்வர ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்குகூட ஆகாது. வண்டி பறந்தால் அது பழைய புள்ளி என்று யாருக்கும் புரிந்துவிடும். சிக்னல் சுத்தமாக இல்லாவிட்டாலும் வண்டி நின்றுவிடும், அதுவும் புரிந்துவிடும். இரண்டுக்கும் நடுவே, கெட்டதும் இல்லாத நல்லதும் இல்லாத ஒரு சிக்னலில் மட்டும்தான் பழைய பயணம் புதிய பயணம் மாதிரியே ஓடும். அப்படி ஒரு சிக்னல் திருநெல்வேலி ஆபீசில் கிடைக்காது.

ஒவ்வொரு புள்ளிக்கும் ஏன் புது இணைப்பு என்று கேட்பீர்கள். அதற்கும் ஒரு கதை. ஆரம்பத்தில் ஒரே இணைப்பைத்தான் வைத்திருந்தோம். சிக்னல் போய்வந்தால் அந்த இணைப்பு செத்துவிடும். செத்தது தெரியாமல் ஆப் அதிலேயே புள்ளிகளைத் தள்ளிக்கொண்டிருக்கும். அந்தப் பிழையைத் தீர்க்க, வம்பே வேண்டாம் என்று ஒவ்வொரு தடவையும் புதிதாகத் திறக்க வைத்தேன். ஒரு ஓட்டையை அடைத்த மண்ணை எடுத்த இடத்தில் இன்னொரு பள்ளம்.

என்ன மாற்றினோம்

முதலில் அனுப்பும் வரிசையைத் தலைகீழாக்கினோம். சிக்னல் வந்ததும் எல்லாவற்றுக்கும் முந்தி ஆகப் புதிய புள்ளி போகும். பழையவை எல்லாம் ஒரே கட்டாக, தனிப் பாதையில், பெற்றோர் மேப்பைத் தொடாமல் பதிவேட்டுக்கு மட்டும் போகும். டிரைவர் மேல் புகார் வந்தால் பார்க்க அது வேண்டும்.

நேரத்தைச் சரிசெய்வது இதைவிடச் சிக்கல். எடுத்த நேரத்தைப் போட்டுவிட்டால் ஆயிற்று என்றுதான் நினைத்தோம். இன்னொரு டிரைவர் போனில் போட்டுப் பார்த்தால், புள்ளி பத்து நிமிடம் எதிர்காலத்திலிருந்து வந்தது. "லேட் ஆயிரக் கூடாதுன்னு பத்து நிமிசம் கூட்டி வெச்சிருக்கேன் தம்பி." நம் வீட்டுச் சுவர்க் கடிகாரங்களில் பாதி இப்படித்தான் ஓடுகின்றன, போன் மட்டும் விதிவிலக்கா? சாட்டிலைட்டிலிருந்து நேராகக் கிடைக்கும் புள்ளியில் சாட்டிலைட்டின் நேரம் இருக்கும். டவரையும் வைஃபையையும் வைத்துக் கணித்த புள்ளியில் போன் கடிகாரம்தான் பேசும்.

ஆண்ட்ராய்டில் இன்னொரு கடிகாரம் உண்டு. போன் ஆன் ஆனதிலிருந்து எத்தனை நானோவிநாடி ஆயிற்று என்று எண்ணிக்கொண்டே இருக்கும், யாராலும் திருகி மாற்ற முடியாது. ஒவ்வொரு புள்ளியிலும் அந்த எண்ணும் பதிவாகிறது. ஆகவே அனுப்பும் கணத்தில் போனே கழித்துப் பார்த்து, 'இந்தப் புள்ளிக்கு வயது 4 விநாடி', 'இதற்கு 412 விநாடி' என்று வயதையே அனுப்பும்படி செய்தோம். மணி என்ன என்பது போனுக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எவ்வளவு நேரமாயிற்று என்பது தெரிகிறதே.

இந்த வேலையின் நடுவே, வண்டிகளில் பொருத்தும் கருவிகளுக்கான ஏஐஎஸ் 140 என்ற இந்தியத் தரத்தை எடுத்துப் படித்தேன். 2019 ஜனவரி 1-க்குப் பிறகு பதிவாகும் பொதுப் போக்குவரத்து வாகனங்களுக்காக வந்தது அது. அதில் கருவி அனுப்பும் ஒவ்வொரு தகவலிலும் ஓர் எழுத்து இருக்க வேண்டும்: நேரலைக்கு எல், சேமித்து வைத்து அனுப்பியதற்கு எச். ஒரே ஒரு எழுத்து. சிக்னல் இல்லாத ஊர்களில் வண்டி ஓடும் என்று தெரிந்தவர்கள் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். நாங்கள் அனிமேஷன் எழுதிக்கொண்டிருந்தோம்.

எம்கியூடிடிக்கு மாறலாம் என்று எங்களில் ஒருவர் சொன்னார். 1999-இல் எண்ணெய்க் குழாய்களைச் சாட்டிலைட் வழியே கண்காணிக்க உருவான, செய்தி அனுப்பும் முறை அது. மோசமான இணைப்புக்கென்றே பிறந்தது. நல்ல யோசனைதான். ஆனால் அதிலும் கடைசிச் செய்தியைப் பிடித்து வைத்து, புதிதாக வருபவருக்கு உடனே கொடுக்கும் வசதி ஒன்று இருக்கிறது. வயதைப் பார்க்காமல் அதை மேப்பில் போட்டால் நேற்றைய வேன் இன்றைக்கு ஆப்பைத் திறந்ததும் நிற்கும். குழாயை மாற்றினால் தண்ணீர் மாறாது என்று அதை அப்போதைக்குத் தள்ளிவைத்தோம். இணைப்பைத் திறந்தே வைத்து, செத்தால் மட்டும் புதுசாகத் திறப்பது என்ற சின்ன மாற்றத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

கடைசியாகப் பெற்றோர் பார்க்கும் திரை. 30 விநாடிக்கு உட்பட்ட புள்ளி என்றால் மஞ்சள் வேன். அதற்கு மேல் என்றால் வேன் சாம்பல் நிறமாகி அப்படியே நிற்கும், வழுக்காது. இரண்டு நிமிடம் தாண்டினால் வேனே இருக்காது; '4:31-க்குத் தோப்பு வளைவில் பார்த்தது' என்று எழுத்து மட்டும். வேன் தோப்பு வளைவைத் தொட்டதும் அதைத் தாண்டி இருக்கும் நிறுத்தங்களுக்கு ஒரு செய்தி போகும்: 'இனி 7, 8 நிமிடம் சிக்னல் இருக்காது. உங்கள் நிறுத்தத்துக்கு 4:40 வாக்கில் வரும்.' அந்த நேரத்தைச் சொல்ல எந்த மாயமும் இல்லை, கடந்த நாட்களில் அந்த நிறுத்தத்துக்கு வேன் எப்போது வந்தது என்ற சராசரிதான்.

சோதிக்க இந்தத் தடவை ஆபீசில் உட்காரவில்லை. இரண்டு போனோடு வேனில் ஏறி, ஆயாவுக்குப் பக்கத்தில் பிள்ளைகளின் பைகளை மடியில் வைத்துக்கொண்டு, மூன்று நாள் அதே தடத்தில் போய்வந்தேன். ஒரு பையன் என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "நாம இங்கல்லா இருக்கோம், படத்துல ஏன் அங்க இருக்கோம்?" என்று பழைய ஆப்பைக் காட்டிக் கேட்டான். ஒரு வருடமாக இந்த வேனில் போய்வருகிறவன். முன்பே அவனிடம் கேட்டிருக்கலாம்.

டிரைவர் கேட்ட கேள்வி

போனைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது டிரைவர் ஒன்று கேட்டார். "நான் ராத்திரி எங்க போறேன் வாறேன்னும் இதுல தெரியுமா தம்பி?"

'புறப்பட்டேன்' அழுத்தினால் தொடங்கும், 'முடிந்தது' அழுத்தினால் நிற்கும் என்றேன். "அழுத்த மறந்துட்டா?" மறந்தால் நிற்காது. எடுத்துப் பார்த்தால் மறந்த ராத்திரிகள் நிறைய இருந்தன. பெற்றோர் ஆப்பில் தெரியாது, ஆனால் சர்வரில் கிடந்தன. சந்தை, ஒரு மருத்துவமனை, இரண்டாம் ஆட்டம் சினிமா. அவை எங்களிடம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கடைசி நிறுத்தம் தாண்டி அரை மணி நேரத்தில் ஆப் தானே நிற்கும்படி செய்து, பழையவற்றை அன்றைக்கே அழித்தோம். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது என்கிறது. பள்ளி வாகனத்தில் பாதுகாப்புக்காகப் பார்ப்பதற்கு விதிகளில் விலக்கு உண்டு என்பதால் நாங்கள் பிள்ளைகளைப் பற்றி மட்டும் படித்து வைத்திருந்தோம். வண்டி ஓட்டுகிறவரைப் பற்றி யோசித்தது அவர் கேட்ட பிறகுதான். பள்ளியிலும் போய், 4:45 என்று சர்வர் காட்டியது எங்கள் தவறு, டிரைவர் அண்ணாச்சி சொன்ன 4:40-தான் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதை ஜெராக்ஸ் எடுத்து வண்டியின் டேஷ்போர்டில் வைத்திருக்கிறார்.

அதற்குப் பிறகு

புது ஆப் போன முதல் வாரம் புகார்கள் குறையவில்லை, கூடின. 'வேன் காணாமல் போகிறது.' 'முன்னாடி நல்லா ஓடிச்சு, அப்டேட் பண்ணதும் கெட்டுப்போச்சு.' ஒருவர் ஒரு நட்சத்திரம் கொடுத்து, பழையதைத் திருப்பிக் கொடுங்கள் என்று எழுதியிருந்தார். பள்ளியிலிருந்தும் கேட்டார்கள், அந்த ஏழு நிமிடமும் வேன் நகருவது மாதிரி ஏதாவது செய்ய முடியாதா, தோராயமாகத்தானே. தொழில்நுட்பப்படி அரை நாள் வேலை. முடியாது என்று சொன்னோம். கடைசியில் தோப்பு வளைவிலிருந்து அடுத்த டவர் வரை மேப்பில் சாலையையே புள்ளிக்கோடாக வரைந்து, 'இங்கே சிக்னல் இல்லை' என்று எழுதிவைத்தோம். அது பலருக்குப் புரிந்தது. எங்கே தெரியாது என்பது மேப்பில் இருந்தால் மக்கள் ஏற்றுக்கொள்கிறார்கள் போலிருக்கிறது. வேன் சும்மா மறைந்தால்தான் கோபம்.

ஆடியில் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது டீக்கடையில் நிறுத்தினேன். நாலரை ஆகியிருந்தது. ஆச்சி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், கையில் குடை. ஆப் இப்போது சரியாக வருகிறதா என்று கேட்டேன்.

"போன் வீட்டுல கெடக்குய்யா. இங்க உக்காந்தா காத்து வருது, ரெண்டு பேருகூடப் பேச்சும் ஆச்சு" என்றார். எனக்கு ஒரு டீ சொல்லிவிட்டு, பத்து நிமிடம் அவரோடு உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் வேன் ஹாரன் கேட்டதும் குடையை ஊன்றி எழுந்தார். என் போனை எடுத்துப் பார்த்தேன். மறைந்திருந்த வேன் அப்போதுதான் மஞ்சளாகத் திரும்பி வந்தது.